கடைசித் தவணை முதல் மழைக்குப் பிறகு

புதிதாகக் கட்டிய வீட்டை வாங்குகிறவர் அதைச் சோதித்துப் பார்க்கும் முன்பே பில்டர்கள் அவரிடம் கடைசி ரூபாய் வரை வாங்கிக்கொள்கிறார்கள். சாவியை நீட்டும்போதே ‘எல்லாம் திருப்தி’ என்று கையெழுத்தும் பெற்றுவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் வீட்டு வியாபாரத்தில் இது ஊரறிந்த நடைமுறை. ஊரறிய நடக்கிறது என்பதாலேயே ஒரு காரியம் நியாயமாகிவிடாது. இதற்கு ஏமாற்று என்றுதான் பெயர். ஏமாற்றுகிற நிறுவனம் முதல் குற்றவாளி என்றால், தடுக்க அதிகாரம் இருந்தும் கைகட்டி நிற்கும் அரசு இரண்டாவது குற்றவாளி.

நடப்பது இதுதான். ஆவணியிலோ தையிலோ நாள் குறித்து, கிரகப்பிரவேசப் பத்திரிகையும் அடித்தாகிவிடும். முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்பு பில்டர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். போனால், மேசைமேல் கடைசித் தவணைக்கான ரசீது, சாவிக்கொத்து, கூடவே தட்டச்சு செய்த ஒரு கடிதம். ‘வீட்டை நேரில் பார்வையிட்டேன், வேலைகள் ஒப்பந்தப்படி முடிந்திருக்கின்றன, இனி நிறுவனத்தின்மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்பது கடிதத்தின் சாரம். அந்தப் பார்வையிடலுக்குக் கிடைத்த நேரம் அரை மணிதான் இருக்கும். அதுவும் குழாயில் தண்ணீர் வராத, மின் இணைப்பு கொடுக்காத வீட்டில், விற்பனைப் பிரிவு இளைஞர் ஒருவர் கூடவே நடக்க. ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஏறும் கீறலைக் காட்டினால் அவரிடம் பதில் தயாராக இருக்கிறது: “அது ஹேர்லைன் கிராக் சார், புது வீட்டுல சகஜம். நீங்க குடி வாங்க. எங்க ஆளுங்க கீழேயேதான் இருப்பாங்க, ஒரு போன் பண்ணினா வந்து பார்த்துடுவாங்க.”

கீழே இருந்த ஆட்கள் அடுத்த மாதம் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள். போனை எடுப்பவரும் மாறியிருப்பார்.

இப்படிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், மென்பொருள் பணியாளர், ஓய்வூதியப் பணத்தைக் கொட்டிய அரசு அலுவலர் என்று எல்லாரும் இதில் இருக்கிறார்கள். ஒரு பக்கம் வீட்டுக் கடன் தவணை போய்க்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை. சாவி ஒரு மாதம் தள்ளிப்போனால் இரண்டு செலவும் இன்னொரு மாதம் நீளும். ஊரிலிருந்து பெரியவர்கள் கிளம்பிவிட்டார்கள், சமையலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இந்த நிலையில் சுவரில் கீறல் என்று சொல்லி யார் விழாவை நிறுத்துவார்கள்? நல்ல நாளில் குறை பேசக் கூடாது என்று வீட்டுக்குள்ளேயே வாயை அடைப்பார்கள். இந்த நெருக்கடி எல்லாம் பில்டருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தக் கடிதத்தை அந்த நேரத்தில் நீட்டுகிறார். நெருக்கடியில் இருப்பவரிடம் வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எந்த அறமும் ஏற்காது.

அப்படி மறுக்கப்படும் சோதனைதான் என்ன? குளியலறையை எடுத்துக்கொள்வோம். தரையில் தண்ணீர் போகும் துளையைத் துணி சுற்றி இறுக்கமாக அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். மறுநாள் கீழ்வீட்டுக் குளியலறையில் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரையில் ஈரம் படர்ந்திருந்தால், டைல்ஸுக்கு அடியில் நீர்க்காப்பு சரியில்லை. பிறகு அடைப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனிக்க வேண்டும். துளையை நோக்கி ஓடினால் வாட்டம் சரி. கதவோரம் தேங்கினால், டைல்ஸ் ஒட்டியபோது வாட்டம் பார்க்கவில்லை. குடிவரும் முன்பு தெரிந்தால் இது சில நாள் வேலை. குடிவந்த பிறகு தெரிந்தால் குளியலறையையே பெயர்த்தெடுக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரரோடு பல வருஷத்துக்கு முகம் கொடுத்துப் பேச முடியாது.

சுவரைப் பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு கைபேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால், வழுவழுவென்று தெரிந்த பூச்சில் மேடும் பள்ளமும் ஒட்டுப்போட்ட இடங்களும் நிழல் கட்டி நிற்கும். தரையை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், அடியில் கலவை நிரம்பாத டைல்ஸ் வெற்று ஓசை எழுப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். சன்ஷேடின் அடியில், மழைத்தண்ணீர் சுவருக்கு ஓடிவராமல் சொட்டிப்போக ஒரு காடி விட்டிருக்கிறார்களா என்று பார்க்கலாம். மின்பெட்டியில் இருக்கும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லை என்றால் கசிவு மின்சாரத்திலிருந்து உயிர் காக்க வைத்த கருவி அங்கே அலங்காரப் பொருள்தான். விரிசலிலும் வகை உண்டு. பூச்சின்மேல் வலைபோல் ஓடும் மெல்லிய கீறல் பெரும்பாலும் மேற்பூச்சோடு நிற்கும். பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விட்டிருந்தால், அந்த இணைப்பில் கம்பிவலை வைக்காமல் பூசியிருக்கலாம். பீமிலோ தூணிலோ ஓடும் விரிசலைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும். மூன்றையும் ‘ஹேர்லைன்’ என்ற ஒரே சொல்லில் மூடுவது பொறியியல் ஆகாது.

இதற்கெல்லாம் தேவைப்படுவது ஓடும் தண்ணீர், வரும் மின்சாரம், விவரம் தெரிந்த ஒருவர், இரண்டு நாள் அவகாசம். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. வாஸ்து பார்க்க ஆளைக் கூட்டி வந்தால் வாசல்வரை வந்து வரவேற்கிறார்கள். பொறியாளரைக் கூட்டி வந்தால் ‘வெளி ஆளுக்கு அனுமதி இல்லை’ என்கிறார்கள். எவரைக் கண்டு ஒருவர் பயப்படுகிறார் என்பதிலிருந்தே அவர் எதை மறைக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

குறைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பேச வேண்டும். பழியைக் கொத்தனார்மேலும் சித்தாள்மேலும் போட்டுவிட்டுப் போவது எளிது. ஆனால் வேலைக்கு எத்தனை நாள் என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள் இல்லை. கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 சொல்கிறது. இன்று பெரும்பாலும் புழங்குவது இரண்டாவது வகை. பூச்சுக்கும் தண்ணீர் காட்ட வேண்டும். காட்டிய பிறகு அது காய வேண்டும். காய்ந்த பிறகே பட்டி, பெயின்ட். கோடையில் சென்னைப் புறநகரில் கட்டுமானத் தண்ணீர் லாரியில் வருகிறது, ஒவ்வொரு லாரிக்கும் காசு. சிக்கனம் முதலில் கை வைப்பது அந்தத் தண்ணீரில்தான். அடுத்தது காயும் நாட்களில். ஈரம் போகாத சுவரில் பெயின்ட் அடித்தால் ஒப்படைக்கும் நாளில் பளிச்சென்று இருக்கும். பிறகு உப்பு பூத்துப் பொரிந்து விழும்.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. ரெரா என்று எல்லாரும் சொல்லும் 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டைத் தாமதமாகக் கொடுத்தால் வட்டியும் இழப்பீடும் கொடுக்க வைக்கிறது. 18-ஆவது பிரிவின் இந்த விதி நல்லது, அவசியமானது. ஆனால் தாமதத்துக்கு உடனடியாக விலை வைத்த சட்டம், அவசரத்துக்கு அப்படி விலை வைக்கவில்லை. தேதி நெருங்கும்போது நிறுவனம் தாமதத்தைத் தவிர்க்கிறது. அந்த அவசரத்தை நம் வீட்டுச் சுவர்களுக்குள் பூசி மெழுகிவிடுகிறது.

அவசரத்தைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 14-ஆவது பிரிவின் 3-ஆவது உட்பிரிவு தெளிவாகவே இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ வசதிகளிலோ குறை தெரியவந்து, அதை வாங்கியவர் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணமில்லாமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு தர வேண்டும். 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் பயனை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் முழுதாக அறிந்திருக்கிறார்கள்? விளம்பரப் பலகையில் பதிவு எண்ணைப் போடும் நிறுவனம், அந்தப் பதிவு எண் தரும் உரிமைகளைச் சாவி கொடுக்கும் மேசையில் வாய் திறந்து சொல்வதில்லை.

உரிமை இருந்தும், அதை நிறைவேற்றும் வழி நீளமானது. புகார் எழுத வேண்டும், ஒழுங்குமுறை ஆணையத்துக்கு முன் வழக்கு நடத்த வேண்டும், எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அங்கேயும் நிற்க வேண்டும். இழப்பீட்டுத் தொகையை நிலவரி நிலுவைபோல வசூலிக்கலாம் என்று 40-ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது ஆணை கைக்கு வந்த பிறகும் கோப்பு வருவாய்த் துறையின் கதவைத் தட்ட வேண்டும். இதற்கிடையே ஓதம் ஏறிய சுவரை ஒட்டித்தான் குழந்தை படுத்துத் தூங்குகிறது. பணம் முழுவதும் கைமாறிவிட்ட பிறகு எழுதப்படும் புகார், கெஞ்சல் கடிதத்துக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

அந்தத் ‘திருப்தி’ கடிதத்துக்கு நீதிமன்றத்தில் எவ்வளவு மதிப்பு? பெங்களூருக் குடியிருப்பு ஒன்றைப் பற்றிய வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதற்கு நெருக்கமான ஒரு கேள்விக்கு விடை சொன்னது. கோரிக்கைகளை விட்டுக்கொடுத்தால்தான் வீடும் பத்திரமும் என்று வாங்குகிறவரை நிர்ப்பந்திப்பது நியாயமற்றது. பத்திரம் பதிந்துகொண்டதாலேயே தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமை போய்விடாது என்பது அந்தத் தீர்ப்பு. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த வாசகங்கள் வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019-இலும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் நியாயமற்றது என்று சொன்ன நிர்ப்பந்தத்தின் இன்னொரு வடிவத்தைத் தமிழ்நாட்டில் இன்னும் அச்சடித்த படிவமாக வைத்திருக்கிறார்கள். சட்ட ஆலோசகர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டவர் அத்தோடு சோர்ந்து அடங்கிவிடுவார் என்பதே அவர்கள் கணக்கு.

இனி அரசுக்கு வருவோம். அரசே ஒரு பள்ளியோ மருத்துவமனையோ கட்ட ஒப்பந்தம் விடும்போது என்ன செய்கிறது? ஒப்பந்தக்காரருக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைக்கிறது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதி, அது முடிந்து, குறைகளைச் சரிசெய்த பிறகுதான் அந்தப் பங்கை விடுவிக்கிறது. வேலை முடிந்த மறுநாளே ஒப்பந்தக்காரரின் சொல்லை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பொதுப்பணித் துறைக்குத் தெரியும். பொறியாளர் படையும் சட்டத் துறையும் வைத்திருக்கும் அரசே தன் பணத்துக்கு இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறது. இருபது வருஷக் கடனில் ஒரே ஒரு வீடு வாங்கும் குடிமகனுக்கு மட்டும் முதலில் முழுப் பணத்தையும் கொடு, பிறகு புகார் எழுது என்பது விதியாக இருக்கிறது. தனக்கு ஒரு நியாயம், தன் மக்களுக்கு ஒரு நியாயம் என்று ஓர் அரசு வைத்திருக்கலாமா?

அரசே வீடு கட்டிக் கொடுக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பை 2021 ஆகஸ்ட் மாதத்தில் தமிழ்நாடே பார்த்தது. பழைய அரசு வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டு எழுப்பிய புதிய அடுக்குமாடி அது. குடிவந்த பெண்கள் விரலால் சுரண்ட, சுவர்ப்பூச்சு மணலாக உதிர்ந்தது. சட்டப்பேரவையில் பேச்சு எழுந்தது, அமைச்சர் போய்ப் பார்த்தார், பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுக்கு அழைக்கப்பட்டது. இதெல்லாம் நடந்தது விரல் பட்ட பிறகு. அந்தக் கட்டடத்தை வேலை முடிந்தது என்று ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டபோது, ஓர் அதிகாரியின் விரலாவது அந்தச் சுவரில் பட்டிருந்தால் இவ்வளவு தேவைப்பட்டிருக்காது. ஏழைக்குக் கொடுக்கும் வீடு, இலவசம் போலக் கொடுக்கிறோம், வாங்கிக்கொண்டு போகட்டும் என்ற எண்ணம் அந்தக் கையெழுத்துக்குள் இருந்தது. பில்டரின் மேசையில் இருக்கும் எண்ணத்தைவிட இது இழிவானது. ஏனென்றால் இங்கே குடியிருப்பவருக்குக் கேள்வி கேட்க ஒரு ரசீதுகூட இல்லை.

வட இந்தியாவில் இந்த அலட்சியத்தின் விலை இன்னும் பெரிதாக இருந்திருக்கிறது. டெல்லி முகர்ஜி நகரில் டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய சிக்னேச்சர் வியூ குடியிருப்பில் 336 வீடுகள். கட்டி முடித்துப் பதினைந்து வருஷம்கூடத் தாங்காமல், குடியிருக்கத் தகுதியற்றது, இடிக்கலாம் என்று 2024 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லும் நிலைக்கு அது வந்தது. கட்டியது தனியார் பில்டர் இல்லை, அரசு ஆணையம். குருகிராமின் 109-ஆவது செக்டாரில் தனியார் அடுக்குமாடி ஒன்றின் பகுதி 2022 பிப்ரவரி 10 அன்று சரிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். கான்கிரீட்டில் கலந்திருந்த குளோரைடு உப்பு கம்பியை அரித்ததை டெல்லி ஐ.ஐ.டி. கண்டறிந்தது. நாணயத்தால் தட்டியோ விளக்கடித்தோ இந்த உப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கடைசி நாள் சோதனை மட்டும் போதாது என்கிறோம். கட்டும்போதே எடுத்த கான்கிரீட் கட்டிச் சோதனை, தண்ணீர்ச் சோதனை, கம்பிச் சோதனை முடிவுகள் ஒவ்வொரு வீட்டின் சாவியோடும் சேர்ந்து கைமாற வேண்டும். சோதனை செய்திருந்தால் கொடுப்பதில் தயக்கம் இருக்காது.

மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பெல்லாம் ரெராவின் குடைக்குள் வரும் பெரிய திட்டங்களைப் பற்றியது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டுகிறவர்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. தாம்பரம், மடிப்பாக்கம், அம்பத்தூர் பக்கம் தெருவுக்குத் தெரு எழும் நான்கு வீடு, ஆறு வீடு அடுக்குகள் இப்படித்தான் பதிவின் பார்வைக்கு வெளியே நிற்கின்றன. குறிப்பிட்ட உயரத்துக்கும் பரப்புக்கும் உட்பட்ட சிறு குடியிருப்புகளுக்குக் கட்டட நிறைவுச் சான்றிதழிலிருந்தும் தமிழ்நாடு விலக்கு கொடுத்திருக்கிறது. பெரிய நிறுவனத்தின் விலை கட்டுப்படியாகாதவர்கள்தான் இங்கே வாங்குகிறார்கள். பாதுகாப்பு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. அவர்களுக்கு மிஞ்சுவது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான், குறை இருந்தால் நுகர்வோராக வழக்குப் போடலாம் என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஆனால் 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்குள் அந்த மேஸ்திரி-பில்டர் கடையைக் கட்டாமலும் இருக்க வேண்டும்.

பொறுப்பைப் பங்கிட்டுச் சொல்லிவிடுவோம். பெரும்பங்கு விற்பவருடையது; அதில் சமாதானம் சொல்ல ஏதுமில்லை. அடுத்தது, கட்டடத்தைப் பார்க்காமல் சான்றளிக்கும் பொறியாளர். மருத்துவர் நோயாளியைப் பார்க்காமல் சான்று கொடுத்தால் பதிவை ரத்து செய்யச் சொல்கிறோம். இவர்களை மட்டும் விட்டுவைப்பதற்குக் காரணம் தெரியவில்லை. நிறைவுச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு பக்கவாட்டு இடைவெளியையும் உயரத்தையும் மாடி எண்ணிக்கையையும் அளக்கிறது. பூச்சையும் நீர்க்காப்பையும் அது பார்ப்பதில்லை. வாங்குகிறவரோ அந்தச் சான்றிதழையே தரத்துக்கான முத்திரை என்று நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பை விற்பனையாளர்கள் கலைப்பதும் இல்லை. வங்கி தன் கடனுக்கு ஈடு இருக்கிறதா என்று மதிப்பிட ஆளை அனுப்புகிறது. வீடு ஒழுகுமா என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்கிறது. கடைசியாக, சிறு பங்கு வாங்குகிறவருக்கும் உண்டு. ஹோமகுண்டத்துக்கு எந்த மூலை என்று ஒரு வாரம் விசாரிக்கும் குடும்பம், குளியலறையில் ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்க ஆள் வைப்பதில்லை. ஆனாலும் அறியாமையும் அவசரமும் குற்றம் ஆகா. அவற்றைப் பயன்படுத்திக்கொள்வதுதான் குற்றம்.

தீர்வு என்ன? நம் ஊரில் வீட்டின் உண்மையான பரிசோதகர் வடகிழக்குப் பருவமழை. சித்திரையிலோ ஆவணியிலோ காய்ந்த வீட்டை ஒப்படைக்கிறார்கள். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குவதும், ஜன்னல் சட்டத்தின் ஓரம் கசிவதும், சுவரில் ஓதம் ஏறுவதும் ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியவரும். ஆகவே விலையில் 5 சதவீதத்தை, வீட்டை ஒப்படைத்த பிறகு வரும் முதல் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை நிறுத்திவைக்க வேண்டும். அந்தப் பணம் வாங்கியவர் கையிலும் வேண்டாம், விற்றவர் கையிலும் வேண்டாம். வாங்குகிறவர்கள் கொடுக்கும் தொகையில் 70 சதவீதத்தைத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று ரெரா ஏற்கெனவே சொல்கிறது. அதைப்போல் இன்னொரு பூட்டுக் கணக்கில் இது கிடக்கட்டும். குறைகளைச் சரிசெய்து முடித்தால் பில்டருக்கு. முடிக்காவிட்டால் அந்தப் பணத்திலேயே வேறு ஆளை வைத்துச் சரிசெய்துகொள்ள வாங்கியவருக்கு.

இது நடக்காத கனவு என்று சொல்கிறவர்கள் மலேசியாவைப் பார்க்கட்டும். அங்கே வீட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் எழுதப்படும் விற்பனை ஒப்பந்தத்தின்படி, விலையில் 5 சதவீதம் இரு தரப்புக்கும் பொதுவாக வழக்கறிஞரிடம் நிற்கிறது. வீடு கைக்கு வந்து 8 மாதம் கழித்துப் பாதி, 24 மாதம் கழித்து மீதி விற்றவருக்குப் போகிறது. குறைபாட்டுப் பொறுப்புக் காலமும் 24 மாதம். கிள்ளானிலும் ஈப்போவிலும் வீடு வாங்கும் தமிழருக்கு இந்தக் காப்பு இருக்கிறது. அதற்காக அங்கே வீடு கட்டும் தொழில் படுத்துவிடவில்லை.

கூடவே வேறு நான்கு காரியங்களும் வேண்டும். சாவி கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, தண்ணீரும் மின்சாரமும் வரும் நிலையில், வாங்குகிறவர் தன் பொறியாளரோடு வந்து சோதிப்பது எழுதப்பட்ட உரிமையாக வேண்டும். குடியேற்றச் சான்றிதழ் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் வீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வாங்குகிறவருக்குக் கெடு வைத்த ரெரா சட்டம், வாங்கிக்கொள்ளும் முன் பார்த்துக்கொள் என்ற உரிமையைத் தனியே எழுதி வைக்கவில்லை. அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். ‘திருப்தி’ கடிதம் கேட்பதே தண்டத்துக்குரியது என்று ஒழுங்குமுறை ஆணையம் அறிவிக்க வேண்டும். அதற்குப் பதிலாக இரு தரப்பும் கையெழுத்திட்ட குறைப்பட்டியல் இருக்கட்டும். எட்டு வீடுகளுக்கு மேற்படாத குடியிருப்புகளுக்கும் இந்த உரிமைகள் நீள வேண்டும். புளியந்தோப்பு போன்ற இடங்களில் அரசுக்காக வீடு கட்டும் வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுகளை, குடிவரப் போகும் மக்களின் குழு ஒன்று பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசிப் பட்டுவாடா நடக்க வேண்டும். இதில் முக்கியமானவற்றுக்கு நாடாளுமன்றம்வரை போக வேண்டிய தேவை இல்லை. விற்பனை ஒப்பந்தத்தின் வடிவத்தை விதிகள் மூலம் வகுக்கும் அதிகாரம் ரெராவின்படி மாநில அரசிடமே இருக்கிறது.

கட்டுமான நிறுவனங்கள் எதிர்க்கும். வாங்கியவர்கள் சுவிட்சில் ஒரு கீறலைக் காட்டி லட்சக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள் என்பார்கள். அழகுக் குறை எது, பயன்பாட்டுக் குறை எது, கட்டமைப்புக் குறை எது என்று வகை பிரித்து, தகராறு வந்தால் நடுநிலைப் பொறியாளர் ஒருவர் குறுகிய நாளில் தீர்ப்புச் சொல்ல ஏற்பாடு செய்தால் இந்த அச்சம் தீரும். விலை ஏறும் என்றும் சொல்வார்கள். விலை இப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. குடிவந்த மூன்றாம் மாதம் டைல்ஸ் பெயர்த்து, மறுபடி பெயின்ட் அடித்து, மாடிக்கு இரண்டாம் முறை நீர்க்காப்புச் செய்து அந்த ஏற்றத்தைத் தன் பையிலிருந்து செலுத்துகிறவர் வாங்கியவர். அந்தச் செலவை, அதை உண்டாக்கியவரின் கணக்குக்கு மாற்றச் சொல்கிறோம், அவ்வளவே. ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கேட்காமலே வீட்டைத் திறந்துவிட்டுப் பார்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சோதனை கட்டாயமானால் அவர்களுக்கு நஷ்டமில்லை. தண்ணீர் காட்டாமல் மிச்சம் பிடித்தவரோடு விலையில் போட்டிபோட வேண்டிய கொடுமையிலிருந்து அவர்களுக்கும் விடுதலை கிடைக்கும்.

அதுவரை வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். முகூர்த்தத்துக்கும் சாவிக்கும் நடுவே குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். அந்தக் கடிதத்தை நீட்டினால், கண்ட குறைகளை அதிலேயே கைப்பட எழுதி, ‘இவை நிலுவையில்’ என்று குறித்துக் கையெழுத்திடுங்கள். ஏற்க மறுத்தால், அதே பட்டியலைப் படங்களோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஐந்தாண்டு உரிமைக்கு அதுதான் முதல் சாட்சி. ஒரே குடியிருப்பில் வாங்கியவர்கள் சேர்ந்து அனுப்பினால் இன்னும் பலம்.

ஆனால் இந்தச் சுமையைக் குடிமக்களின் சாமர்த்தியத்தில் விட்டுவிட்டு அரசு ஒதுங்க முடியாது. அடுத்தவர் காசில் கட்டிய வீட்டை அவரே தொட்டுப் பார்க்க விடாத நிறுவனத்துக்கு, அந்த வீட்டை விற்கும் தகுதி கிடையாது. தன் பணத்துக்கு வைத்திருக்கும் காப்பை மக்களின் பணத்துக்கு மறுக்கும் அரசுக்கு, ‘அனைவருக்கும் வீடு’ என்று பலகை வைக்கும் தகுதியும் கிடையாது. விற்பனை ஒப்பந்த விதியில் நிறுத்திவைப்புத் தொகையைச் சேர்க்கும் அரசாணையை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தமிழ்நாடு அரசு வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால், அந்த மழையில் ஒழுகும் ஒவ்வொரு புது வீட்டுக்கும் கட்டியவரோடு சேர்ந்து அரசும் பதில் சொல்லக் கடமைப்பட்டது.